பிரதி எடுக்குமுன் பிழை திருத்தம்

ஆலங்காயத்து ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வரையில் தோல் தொழிலை அறியாதவர் இலர். முன்னாளில் ஆவாரம்பட்டை செய்த வேலையைப் பிற்காலத்தில் பெரும்பாலும் குரோம் உப்பு ஏற்றுக்கொண்டது. இந்தக் குரோமியத்துக்கு இரண்டு வேஷங்கள் உண்டு. தோலைப் பதனிடும் மூன்று இணைதிறன் குரோமியம் உயிரணுவுக்குள் எளிதில் புகுவதில்லை. அந்த உப்பைத் தயாரிக்க உதவும் ஆறு இணைதிறன் குரோமியமோ பொல்லாதது. உடலுக்கு வேண்டிய ஸல்பேட்டைப் போல் தோன்றி, வாயிற்காவலை ஏமாற்றி உள்ளே நுழைந்துவிடும். நுழைந்ததும் உருமாறி, நமது பரம்பரை ஏடாகிய டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்காக நமது சரீரம் கைகட்டி நிற்பதில்லை. டி.என்.ஏ. இரட்டை இழை; ஓர் இழையின் எழுத்தைக் கொண்டு மற்றதன் எழுத்தை அறியலாம். கெட்ட பகுதியின் இருபுறமும் வெட்டி, சுமார் முப்பது எழுத்துக்களை அகற்றி, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதும் புரதங்கள் நம்முள் இருக்கின்றன. இவ்வித வேலைகளை விளக்கியதற்காகவே லிண்டால், மோட்ரிச், ஸங்கார் என்னும் மூவர் 2015-இல் ரஸாயன நோபல் பரிசு பெற்றார்கள்.

உயிரணு இரண்டாகப் பிரியுமுன் ஏட்டைப் பிரதி எடுக்கவேண்டும். அப்போது பழுது தென்பட்டால் அபாய அறிவிப்பு எழும், பிரதி வேலை நிற்கும், திருத்தம் நடக்கும். திருத்த முடியாவிடில் பி-53 என்னும் புரதம் அவ்வுயிரணுவையே மாய்த்துவிடவும் கூடும். ஆனால் விஷம் அளவுக்கு மீறினால் காவலும் தளரும். திருந்தாத பிழை பிரதியில் ஏறிவிட்டால் அது நிலைத்துவிடும். புற்றுநோய்க்கு வித்தாகவும் ஆகலாம். குரோமேட் தொழிலாளரிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுந்ததை உலகம் கண்டிருக்கிறது.

இது நமக்கு அயலூர்ச் செய்தி அன்று. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை, ஒரு லக்ஷம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. நிலத்தடி நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் கலந்தது. பாலாற்றுப் பகுதியின் தோல் கழிவு குறித்து வேலூர் ஸிடிஸன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தீங்கு வருமுன் காக்கவேண்டும், மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்பன அதன் சாரம்.

தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அது வாழவேண்டும் என்பதே நமது கோரிக்கையும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத உயிரணு கூடப் பழுது கண்டவுடன் வேலையை நிறுத்தித் திருத்துகிறது. அந்த விவேகத்தை நமது தொழிலதிபர்களும் அதிகாரிகளும் கைக்கொள்வது முடியாத காரியமா?