விதைப்பவர் கையில் வாழும் காய்கள்

காய்கறிப் பயிர்களின் பன்மயத்தைக் காப்பது என்றதும், விதைகளைத் திரட்டிக் குளிர்ப்பெட்டகத்தில் அடுக்கிவைக்கும் மரபணு வங்கியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. 1976-இல் தில்லியில் தொடங்கப்பட்ட தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்தின் பணி இன்றியமையாதது. ஆயினும், உறைநிலைக்குக் கீழே உறங்கும் விதை, மாறிவரும் மழையோடும் பூச்சியோடும் பழகித் தலைமுறைதோறும் தேறும் வாய்ப்பை இழந்துவிடுவதால், வங்கி மட்டுமே போதிய காவலாகாது.

விருதுநகர், தூத்துக்குடி வட்டாரக் கரிசல் நிலங்களில் தானாக வளரும் அதலைக்காய் இதற்குத் தக்க சான்று. பாகல் இனத்தைச் சேர்ந்த இக்கொடி, கோடையில் மண்ணுக்கடியில் கிழங்காக ஒடுங்கிக் கிடந்து, பருவமழையின் ஈரம் பட்டதும் துளிர்த்துப் படர்கிறது. கசப்பான அதன் சிறு காய், பறித்தபின் விரைவில் வெடித்துவிடுவதால் உள்ளூர்ச் சந்தையைத் தாண்டுவதில்லை. களைக்கொல்லியும் ஆழ உழவும் அக்கிழங்கை அழித்துவிட்டால், பொரியலாகவும் புளிக்குழம்பாகவும் அதைச் சமைக்கும் கைப்பக்குவமும் உடன் அழியும்.

தோட்டப் பயிர்களுக்கு நேர்வது வேறு வகை இழப்பு. இரு வேறு பெற்றோர் வகைகளைக் கலந்து உருவாக்கப்படும் வீரிய ஒட்டுரகத்தின் விதையை எடுத்து மீண்டும் விதைத்தால் குணங்கள் சிதறிவிடுவதால், உழவர் ஆண்டுதோறும் விதைக்கடையை நாடுகிறார்; நல்ல சுரைக்காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, விதையைச் சாம்பலில் பிசறி எடுத்துவைத்த பெண்களின் தேர்வறிவு கைமாறாமல் நின்றுபோகிறது. ஒட்டுரகம் தரும் கூடுதல் விளைச்சல் உழவருக்குத் தேவையானதே; ஆகவே, விலைபோகாத நாட்டு ரகத்தைப் பேணும் சுமையை அவர் தலையில் மட்டும் ஏற்றுவது அறமாகாது.

விதையைச் சேமிக்கவும், பகிரவும், வணிகப் பெயரின்றி விற்கவும் உழவருக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் ஏற்கிறது. ஒரு வட்டாரத்தோடு பிணைந்த பொருளின் தனித்தன்மைக்குச் சட்டக் காப்பளிக்கும் புவிசார் குறியீட்டை, இலவம்பாடிப் பகுதியில் விளையும் வேலூர் முள் கத்தரி 2023-இல் பெற்றது. இவை பெயரையும் உரிமையையும் காக்கும். விளைந்த காயை வாங்குவதற்கு ஆள் வேண்டும்.

நெடுந்தொலைவு தாங்காத நாட்டு அவரைக்கும் சுரைக்கும் பீர்க்குக்கும் அருகிலுள்ள அடுப்பே உரிய சந்தை. பள்ளிச் சத்துணவுக் கூடங்கள் அந்தந்த வட்டாரக் காய்களை உரிய விலைக்கு வாங்கவும், உழவர் சந்தைகள் அவற்றுக்குத் தனியிடம் ஒதுக்கவும் அரசு ஆணையிட வேண்டும். உண்பவர் இருக்கும்வரை விதைப்பவர் இருப்பார். விதைப்பவர் இருக்கும்வரையே விதை உயிரோடிருக்கும்.