கைபேசியின் அடையாள எண்ணும் அதன் நிலைபேறும்

சித்தூர் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டி தொழில் நகரில் 2015-ஆம் ஆண்டு கைபேசிகளைப் பூட்டி உருவாக்கும் வேலை தொடங்கிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் புதிதாகப் பிரிக்கப்பட்டபோது அவ்விடம் அதனுள் அடங்கிற்று. ஓர் ஊரின் முகவரி இவ்வாறு மாறலாம். ஆங்கு உருவான கைபேசியின் அடையாள எண் மாறுதல் கூடாது.

ஐ.எம்.இ.ஐ. எனப்படும் இவ்வெண் 15 இலக்கங்களைக் கொண்டது. முதல் 8 இலக்கங்கள் கருவியின் மாதிரியையும், அடுத்த 6 இலக்கங்கள் அதன் வரிசையையும் குறிக்கும். இறுதி இலக்கம் முன்னுள்ளவற்றினின்றும் ஒரு கணக்கின்படி பெறப்படுவது. ஓர் இலக்கத்தைப் பிழைபட எழுதினால் அது காட்டிக்கொடுக்கும். ஆகவே கணக்குச் சரியாயின் எண்ணும் சரியே எனக் கருதுவோர் உளர். இது பொருந்தாது. ஒரே எண்ணை ஆயிரம் கருவிகளில் பதித்தாலும் கணக்குச் சரியாகவே வரும்!

2020-ஆம் ஆண்டு மீரட் நகரில் இத்தகையதொரு நிலை வெளிப்பட்டது. காவல் அலுவலர் ஒருவரின் கைபேசி, பழுதுபார்த்த பின்னும் செவ்வனே இயங்கவில்லை. ஆராய்ந்தபோது பெட்டியில் அச்சிட்ட எண் ஒன்றாகவும், கருவி காட்டிய எண் வேறாகவும் இருக்கக் கண்டனர். அவ்வேறு எண்ணில் நாடெங்கும் 13,000-க்கு மேற்பட்ட கைபேசிகள் இயங்கியமை பின்னர்த் தெரிந்தது. களவுபோன கைபேசியை இவ்வெண் கொண்டு தேடப் புகுந்தால் எதனைப் பிடிப்பது? எண்ணைத் தடுத்துவிட்டாலோ, குற்றமற்ற பல்லாயிரவர் பேச்சும் நின்றுபோகும்.

எண்ணைத் திருத்துதலை 2017-ஆம் ஆண்டின் விதிகள் தடைசெய்தன. 2023 ஜனவரி முதல், இந்நாட்டில் செய்யப்படும் கைபேசியின் எண் முதல் விற்பனைக்கு முன்பே அரசாங்கப் பதிவேட்டில் ஏறவேண்டும் என்பதும் விதியாயிற்று. இவை வேண்டுவனவே. ஆயினும் பதிவேடு கருவி பிறந்த அன்றைய நிலையைச் சொல்லுமேயன்றி, அதன் பிற்கால வாழ்வை அறியாது. தொழிற்சாலையில் சில கைபேசிகளையேனும் பொறுக்கியெடுத்து, அணைத்து மூட்டியும், உள்ளிருப்பதை முற்றும் அழித்தும், மென்பொருளைப் புதிதாக ஏற்றியும், ஒவ்வொரு முறையும் எண் அதுவேதானா எனச் சோதித்தல் வேண்டும்.

பழுதுபார்க்கும் கடைகளுக்கும் இது பொருந்தும். திரையையோ மின்கலத்தையோ மாற்றினால் எண் மாற நியாயமில்லை. எண் தங்கியிருக்கும் முதன்மைப் பலகையையே மாற்றினால் அது மாறக்கூடும். அப்போது புதிய எண்ணை ரசீதில் எழுதித் தருதல் கடைக்காரர் கடமையாகும். *#06# என அழுத்தினால் எண் திரையில் தோன்றும். இரண்டு சிம் ஏற்கும் கைபேசியாயின் இரண்டு எண்கள் தோன்றும், அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. கைபேசியைக் கொடுக்கும்போது ஒரு முறையும், திரும்பப் பெறும்போது ஒரு முறையும் இதனைப் பார்த்துக் குறித்துக்கொள்ள, திருப்பதிக் கடைத்தெருவின் நெரிசலிலும் ஒரு நிமிஷத்திற்கு மேல் ஆகாது.