விஞ்ஞானத் திண்ணை: கடுங்குளிரிலும் ஓயாத அசைவு

சென்ற இதழில் இப்பகுதியில் நாம் ஒரு பிழை செய்துவிட்டோம். குளிர்ச்சியின் கடைசி எல்லையாகிய மைனஸ் 273 டிகிரியில் அணுக்கள் யாவும் அசைவற்று நின்றுவிடும் என்று எழுதியிருந்தோம். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் புதல்வி, பதினோராம் வகுப்பு மாணவி, அதைப் படித்துவிட்டு ஓர் அஞ்சலட்டையில் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்: "அப்படியானால் ஹீலியம் மட்டும் ஏன் உறைந்து கட்டியாவதில்லை?"

கேள்வி நம்மைத் திகைக்க வைத்தது. அச்சில் வந்ததாலேயே மெய்யென நம்பி வேறு பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்திருக்கக்கூடும். ஆதலால் திருத்தத்தையே இம்மாதக் கட்டுரையாக்குகிறோம்.

ஹீலியத்தைச் சாதாரணக் காற்றழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது திரவமாகவே இருக்கும். ஏறத்தாழ 25 மடங்கு காற்றழுத்தம் கொடுத்தால்தான் உறையும். ஒரு துகளின் இருப்பிடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக வரையறுக்க இயலாது என்று 1927-ல் ஹைசன்பர்க் காட்டினார். அவ்விதிப்படி எத்துகளும் முழுமையாக ஓய்ந்து ஓரிடத்தில் நிற்க இயலாது. வெப்பம் அற்றுப்போன பின்னும் ஓர் அசைவு எஞ்சும். இதுவே குவாண்டம் அசைவு.

இதனால் விளையும் விந்தையைக் காண்போம். வடநாட்டுக் குளிர்காலத்தில் தேங்காயெண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்து உருக்காத தமிழ்க் குடும்பம் உண்டா? உருக்குவது வெப்பம். இரும்பைச் சுமார் 770 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் காந்த ஒழுங்கு குலைகிறது. குலைப்பதும் வெப்பமே. அந்த எல்லையை நெருங்கும்போது இரும்பினுள் ஒழுங்கும் குழப்பமும் சிறிதும் பெரிதுமான திட்டுகளாக மாறி மாறித் தோன்றி மறையும்.

வெப்பமே இல்லாத இடத்தில் இத்தகைய மாற்றம் நிகழுமா? நிகழும். அங்கே ஒழுங்கைக் குலைப்பது குவாண்டம் அசைவு. அதற்கு வழிவிடுவது அழுத்தமோ, கலவையில் செய்யும் சிறு மாற்றமோ ஆகும். அந்த எல்லைப் புள்ளிக்கு விஞ்ஞானிகள் குவாண்டம் மாறுநிலைப் புள்ளி என்று பெயரிட்டுள்ளனர்.

இதற்கும் மின்சாரத்திற்கும் என்ன தொடர்பு? 1911-ல் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்னஸ், மைனஸ் 269 டிகிரியில் பாதரசத்தின் மின்தடை அடியோடு மறைவதைக் கண்டார். இதுவே மீக்கடத்தல். எலெக்ட்ரான்கள் இணை இணையாகச் சேர்வதாலும், உலோக அணுக்களின் அதிர்வு அவற்றைச் சேர்த்து வைப்பதாலும் இது நிகழ்கிறதென 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினர். காந்தத் தன்மையுள்ள அணுக்கள் சிறிது கலந்தாலும் இவ்விணைகள் சிதையும். எனவே காந்தமும் மீக்கடத்தலும் ஜன்மப் பகை என்றே கருதப்பட்டது.

அக்கருத்தை 1979-ல் ஜெர்மனியின் ஸ்டெக்லிச் குழுவினர் அசைத்தனர். காந்த இயல்புடைய சீரியம் அணுக்கள் நிறைந்த ஒரு சேர்மத்திலேயே அவர்கள் மீக்கடத்தலைக் கண்டனர். 1998-ல் கேம்பிரிட்ஜில் லொன்சாரிச் குழுவினர் சீரியம், பல்லேடியம், சிலிக்கான் சேர்ந்த பொருளொன்றை அழுத்திப் பார்த்தனர். எல்லைக்கு மேல் 10 டிகிரியளவில் தோன்றும் அதன் காந்த ஒழுங்கு, அழுத்தம் ஏற ஏறத் தாழ்ந்து, ஏறத்தாழ 28,000 காற்றழுத்தத்தில் மறையும் நிலையை எட்டியது. சரியாக அவ்விடத்தைச் சூழ்ந்து, எல்லைக்கு மேல் அரை டிகிரிக்கும் குறைவான குளிரில், மீக்கடத்தல் தலைகாட்டிற்று! குலையும் தறுவாயிலுள்ள காந்த ஒழுங்கின் தள்ளாட்டமே இங்கு எலெக்ட்ரான்களை இணைக்கிறதெனக் கருதப்படுகிறது. பகைவனே தரகனானான்.

இன்று மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலானவை மீக்கடத்திக் காந்தத்தால் இயங்குகின்றன. அதனைக் குளிர்விக்க அந்த ஹீலியமே வேண்டும். 1986-ல் பெட்னோர்ஸும் முல்லரும் கண்ட செம்பு ஆக்ஸைடு வகையில் சில, மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனிலேயே மீக்கடத்திகளாகின்றன. அவற்றின் ரகசியமும் இத்தகைய மாறுநிலைப் புள்ளிதானா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமிக்கவில்லை. ரகசியம் தெளிந்தால், மேலும் எளிய குளிரில் வேலை செய்யும் பொருள்களைத் தேடும் வழி துலங்கும்.

அவசரம் மட்டும் ஆகாது. சாதாரண வெப்பத்திலேயே மீக்கடத்தி கிடைத்துவிட்டதென 2023-ல் கொரியாவிலிருந்து செய்தி வந்தது. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள், தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட, அப்பொருளைச் செய்து சோதித்து, அவ்வாறில்லை எனச் சில வாரங்களில் தெளிவுபடுத்தின. சோதித்துக் கேட்பவர் இருக்கும்வரை பிழை நிலைக்காது.

நம் பிழையைச் சோதித்துக் கேட்ட அம்மாணவிக்கு நம் நன்றி. மற்றப் பிள்ளைகளும் கேட்கட்டும், அஞ்சலட்டைகளை எதிர்பார்க்கிறோம்.