ஜமாவின் வாசலுக்கு வராத மானியம்: ஒன்றியப் பண்பாட்டு அமைச்சருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றியப் பண்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கலைஞர்களுக்கும் கலைக்குழுக்களுக்கும் ஒன்றிய அரசு நேரடியாக வழங்கும் நிதியுதவிகள் 'கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா' என்ற ஒரே குடையின் கீழ் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கூத்து, நாடகக் குழுக்களுக்கு மிகவும் நெருக்கமானது குரு-சிஷ்ய மரபைப் பேணும் ரெபர்ட்டரி மானியம். குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும் சீடருக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 ரூபாய் வரையும் இதில் கிடைக்கும். ஒரு குருவின் கீழ் அதிகபட்சம் 18 சீடர்கள் இருக்கலாம். விழா நடத்தவும் புதிய நாடகம் உருவாக்கவும் தனி மானியம் உண்டு. அதன் வரம்பு பொதுவாக 5 லட்சம் ரூபாய், சிறப்பு நேர்வுகளில் 20 லட்சம் வரை. 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞருக்கு இரண்டாண்டுகள் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும், 60 வயது கடந்த ஏழைக் கலைஞருக்கு மாதம் 6,000 ரூபாய் வரை உதவியும் உள்ளன. நோக்கத்தில் இவை நல்ல திட்டங்கள். குரு, சீடர் என்ற உறவையே அலகாகக் கொண்டு பணம் தருவது, கலை எப்படிக் கைமாறுகிறது என்பதை அறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு. இடர்ப்பாடு விண்ணப்பத்தில்தான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் வழங்கும் தெருக்கூத்தை வைத்து இதைப் பார்க்கலாம். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர் பகுதிக் கிராமங்களில் கூத்துக்குழுவை ஜமா என்பார்கள். வேடம் கட்டுபவர்கள், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம் வாசிப்பவர்கள், பின்பாட்டுப் பாடுபவர்கள் என்று ஒரு ஜமாவில் பதினைந்து பேர் அளவில் இருப்பார்கள். வாத்தியார்தான் குரு. சிறுவர்கள் பின்பாட்டுக்கு நின்று, சின்ன வேடம் கட்டி, பல ஆண்டுகள் கழித்தே கர்ணனுக்கோ துரியோதனனுக்கோ கிரீடம் வைக்கிறார்கள். அமைச்சகம் வளர்க்க விரும்பும் குரு-சிஷ்ய மரபு எந்த மானியமும் இல்லாமலே இங்கே நடந்துகொண்டிருக்கிறது. புதிதாகச் செய்யும் ஆற்றலும் இதற்கு உண்டு: புரிசைக் கிராமத்து ஜமா ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தையே கூத்து வடிவில் மேடையேற்றியிருக்கிறது.

ஆனால் பெரும்பாலான ஜமாக்கள் வாய்ப்பேச்சில் நிற்கும் கூட்டுறவுகள். ஊரார் தாம்பூலம் வைத்துக் கூத்துக்கு நாள் குறிப்பதுதான் ஒப்பந்தம். விடிந்ததும் கிடைத்த பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் கணக்கு. மானியம் கேட்க வேண்டுமானால் இந்த ஜமா முதலில் பதிவு பெற்ற அமைப்பாக, பெரும்பாலும் சங்கமாக, மாற வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு, நிர்வாகக் குழு, துணைவிதிகள், நிரந்தரக் கணக்கு எண், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் தனி அடையாள எண், பொது நிதி மேலாண்மை அமைப்பில் பதிவு ஆகிய எல்லாம் முடிந்த பிறகே படிவத்தைத் திறக்க முடியும். விழா, தயாரிப்பு மானியத்துக்குப் பதிவாகி மூன்றாண்டுகள் ஆகியிருக்க வேண்டும்; அந்த மூன்றாண்டுகளின் வரவு செலவை ஆடிட்டர் தணிக்கை செய்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாகக் கூத்துக் கட்டிவரும் ஜமா சென்ற ஆண்டுதான் பதிவு செய்தது என்றால், படிவத்தின் பார்வையில் அதற்கு வயது ஒன்று.

மக்கள் பணத்தை வாங்குபவர் யார் என்பதை அரசு அறிந்தாக வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் 20 லட்சம் கேட்கும் நகர அமைப்புக்கும், கல்யாண முருங்கைக் கட்டையில் புதிதாக அணிகலன்கள் செதுக்க ஒன்றிரண்டு லட்சம் கேட்கும் ஜமாவுக்கும் ஒரே சல்லடை பொருந்தாது. சிறு தொகைகளுக்கு மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையின் இடத்தில், ஜமாவை அழைத்துக் கூத்து நடத்திய கிராமங்களின் சான்றை ஏற்கலாம். கூத்து நடத்தும் திரௌபதி அம்மன் கோயிலின் நிர்வாகமும் ஊராட்சித் தலைவரும் கையெழுத்திட்டுத் தரும் கடிதம் ஜமாவின் தொழிலுக்கு மிக நேரான சாட்சி. பத்திரிகை நறுக்குகளைச் சான்றாகக் கேட்பது இந்தக் கலைக்கு ஒத்துவராது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஒரு கிராமத்துத் தெருவில் நடப்பதைச் செய்தியாக்க நிருபர் வருவதில்லை. முழு இரவுக் கூத்தின் காணொளியை விண்ணப்பங்களை மதிப்பிடும் நிபுணர் குழு பார்ப்பதும், இயன்ற இடங்களில் ஒருவரை நேரில் அனுப்புவதும் தாள்களைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

அடுத்தது மொழி. திட்ட விதிமுறைகளும் படிவங்களும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. 1976-ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக நாடு முழுவதற்கும் பொருந்துபவை. ஆகவே தமிழ்நாட்டு விண்ணப்பதாரருக்கு நடைமுறையில் ஆங்கிலம் ஒன்றே வழி. பாரதக் கதையின் பல இரவுகளுக்கான பாட்டையும் வசனத்தையும் நினைவில் வைத்திருக்கும் வாத்தியார், தம் கலையின் நோக்கத்தையும் பயிற்சித் திட்டத்தையும் ஆங்கிலத்தில் எழுதித் தர வேறொருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அங்கே எழுதித் தருபவரின் திறமைதான் மதிப்பெண் பெறுகிறது. வாத்தியாரின் திறமை நிபுணர் குழுவின் கண்ணுக்கே போவதில்லை. அரசமைப்பின் 350-ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் அளிக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. குறையைத் தமிழில் சொல்லலாம் என்றால், கலைக்கான உதவியையும் தமிழில் கேட்க வழி இருக்க வேண்டும். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் கலைஞர்களின் விண்ணப்பங்களைத் தமிழிலேயே பெற்றுவருகிறது. எழுதத் தயங்குபவர் தம் திட்டத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்பவும் இடம் தரலாம். வாய்மொழிக் கலைக்கு அது இயல்பான படிவம்.

காலக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. கூத்துக்குப் பருவம் உண்டு. பங்குனியில் பாரதத் திருவிழாக்கள் தொடங்கி ஆடிவரை ஓயாமல் நடக்கும். அரசின் நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது, அதாவது பங்குனியின் நடுவில். ஜமா இரவெல்லாம் ஆடிப் பகலில் உறங்கும் அதே வாரங்களில்தான் ஆண்டுக் கணக்கை முடித்தாக வேண்டும். உடை, அணிகலன், இசைக்கருவி பழுதுபார்ப்பு என்று பணம் தேவைப்படுவது தை, மாசி மாதங்களில். அப்போது வராத தவணை சித்திரையில் வந்தால் அந்தப் பருவத்துக்குப் பயன்படாது. அதற்குள் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். கூத்துக் குழுக்களுக்கான முதல் தவணையைப் பொங்கலுக்குள் விடுவிக்க அமைச்சகம் முடிவெடுத்தால், கூடுதலாக ஒரு ரூபாய் ஒதுக்காமலே மானியத்தின் பயன் பெருகும்.

பணம் வந்த பிறகு பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் அதற்கு 12-ஏ என்ற படிவத்தை வகுத்து, நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் அளிக்கச் சொல்கின்றன. மானியப் பணத்துக்கு வங்கியில் சேர்ந்த வட்டியையும் அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். இந்தச் சான்றிதழைத் தராமல் அடுத்த தொகை நகராது. ஒரு ரசீது தொலைந்தால் சீடர்களின் சம்பளமும் நிற்கிறது. செதுக்குத் தச்சரும் வண்டிக்காரரும் கொடுக்கும் துண்டுச்சீட்டை ஆடிட்டர் ஏற்கத் தயங்குகிறார். சிறு செலவுகளுக்குக் குரு கையெழுத்திட்ட செலவுச்சீட்டு போதும் என்று விதிமுறையிலேயே எழுதிவிட்டால் இந்த முடிச்சு அவிழும். நிராகரிக்கப்படும் விண்ணப்பத்துக்கு என்ன குறை என்று காரணமும் எழுதி அனுப்பப்பட வேண்டும். காரணம் தெரியாதவர் அடுத்த ஆண்டும் அதே குறையோடு விண்ணப்பிக்கிறார், அல்லது கேட்பதையே விட்டுவிடுகிறார்.

இவற்றுக்கெல்லாம் புது அலுவலகம் தேவையில்லை. அமைச்சகத்தின் தென்னகப் பண்பாட்டு மையம் 1986 முதல் தஞ்சாவூரில் இயங்குகிறது. கூத்துக்காரர்களையும் தோற்பாவைக் கலைஞர்களையும் அறிந்த நிறுவனம் அது. தமிழ் விண்ணப்பங்களைப் பெறுவது, தர்ப்பண் பதிவுக்குத் துணை நிற்பது, பருவம் இல்லாத ஐப்பசி, கார்த்திகையில் செய்யாறு, வந்தவாசி போன்ற ஊர்களுக்கே வந்து முகாம் நடத்துவது, செலவுக் கணக்கை முடித்துத் தர ஒரு கணக்காளரை அமர்த்துவது ஆகிய பொறுப்புகளை அந்த மையத்துக்கு ஓர் ஆணையின் மூலம் அளிக்கலாம். அடுத்த ஆண்டு விண்ணப்ப அறிவிப்பு வெளிவரும் முன்பே அந்த ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
தெருக்கூத்து ஆர்வலர் ஒருவர்