போனைப் பிடுங்குவது சிகிச்சையாகாது

சமூக ஊடகப் பழக்கத்தை விட முடியவில்லை என்று ஓர் இளைஞர் நம் ஆலோசனை அறையில் வந்து உட்கார்ந்ததும், ‘ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்கிறோம். பதிலைக் கேட்டதும் ஆப்பை நீக்கச் சொல்கிறோம். சில நாளில் அவர் அதை மறுபடி இறக்கிக்கொள்கிறார். நம்மிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த சந்திப்புக்கே வராமல் போய்விடுகிறார்.

அவர் போனிலேயே ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ பக்கத்தைத் திறக்கச் சொல்லி, சேர்ந்து பாருங்கள். எத்தனை முறை அன்லாக் செய்திருக்கிறார், எந்த நேரத்தில் பயன்பாடு ஏறுகிறது, அப்போது மனம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். உதாரணமாக, படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருப்பவர் இரவு பதினொன்றுக்கு மேல் படுத்தபடி உடன் படித்தவர்களின் புது வேலையையும் கல்யாணப் படங்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். தூக்கம் கெடும். மறுநாள் அந்தச் சோர்வுக்கும் போனே துணை. மனச்சோர்வையும் பதற்றத்தையும் மதிப்பிடாமல் இவரிடம் போனைப் பற்றி மட்டும் பேசுவது பெரும் பிழை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வீடியோ கேம் கோளாறை ஏற்றிருக்கிறது. சமூக ஊடகத்துக்குத் தனி நோய்ப்பெயர் அதில் இல்லை. சமூக ஊடகப் பழக்கத்தை மதிப்பிடும், ஆறு கேள்விகள் கொண்ட பெர்கன் அளவுகோல் பேச்சைத் தொடங்க உதவும். அதன் மதிப்பெண்ணை வைத்து ‘அடிமை’ என்று முத்திரை குத்தாதீர்கள்.

முழுவதும் விலகினால்தான் பலன் என்பதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்தவர்களுக்கு, வழக்கம்போல் பயன்படுத்தியவர்களைவிடத் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம் அறையில் செய்து பார்க்கக்கூடியது.

போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடச் சொன்னால், ‘அலாரம் அதுலதான சார் இருக்கு’ என்பார்கள். சாதாரண அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். பிறகு, அந்த இரவு நேரத்தில் என்ன செய்யப் பிடிக்கும் என்று அவரிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள். வந்திருப்பவர் வயதுவந்தவர் என்றால், அவர் சம்மதமின்றிப் பெற்றோரைக் கூப்பிட்டுப் போனைப் பிடுங்கவைத்தால் நம்மீதான நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் 2014 முதல் தொழில்நுட்ப மிகைப்பயன்பாட்டுக்கென்றே ‘ஷட்’ கிளினிக் நடக்கிறது. அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். எல்லா ஊரிலும் தனிக் கிளினிக் வரும்வரை இந்தப் பொறுப்பு நம்முடையது. உங்கள் முதல் சந்திப்புப் படிவத்தில் தூக்கத்தையும் இரவு நேரப் போன் பயன்பாட்டையும் பற்றிய கேள்விகளை இந்த மாதமே சேர்த்துவிடுங்கள்.