மண்ணின் மெட்டுக்கு மரியாதை வேண்டும்

தேவாலயத்தில் பாடுவது உயர்ந்த பாட்டு, களத்துமேட்டில் பாடுவது தாழ்ந்த பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு.

தவறு என்பதைப் பாடியே காட்டினார் ஒருவர். அவர் பெயர் தியோபிலஸ் அப்பாவு. 1940-ல் பிறந்தவர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். மாணவர்களுக்கு அவர் "பரட்டை அண்ணன்". 2005-ல் காலமானார்.

தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் இரண்டு வகைப் பாட்டுகள் அதிகம். ஒன்று, வெள்ளைக்காரர் கொண்டு வந்த ஞானப்பாட்டு. இன்னொன்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் தந்த கர்நாடக ராகக் கீர்த்தனை. இரண்டும் இனியவைதான். ஆனால், நாற்று நடும் பெண்ணின் மெட்டு மட்டும் வெளியே நின்றது. பறையும் வெளியே நின்றது. "அது சாவு மேளம்" என்றார்கள்.

மேளத்தின் தோலில் தீட்டு உண்டா? இல்லை. மனிதனை மனிதன் ஒதுக்கியதால் வந்த தீட்டு அது!

அப்பாவு கும்மி மெட்டிலும் ஒயிலாட்ட மெட்டிலும் வழிபாட்டுப் பாடல்கள் எழுதினார். கிராமத்தார் பேசும் தமிழிலேயே எழுதினார். அவை கேசட்டுகளாகவும் ஊர்களுக்குப் போயின. எல்லோரும் ஒரே உலையில் பொங்கி, சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்பது அவர் சொன்ன செய்தி.

இது புதுமை அல்ல. அமெரிக்காவில் ஜானி கேஷ் என்ற பாடகர், 1959-ல் பக்திப் பாடல்களைத் தம் நாட்டுக் கிராமிய இசையில் பாடி இசைத்தட்டு வெளியிட்டார்.

கள்ளக்குறிச்சி மக்களுக்கும் இதில் பாடம் உண்டு. அருகிலேயே கல்வராயன் மலை இருக்கிறது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். கஷ்டத்தில் வாழ்ந்த மக்களுக்குப் பாட்டுத்தான் துணை. பாட்டுத்தான் அவர்கள் எழுதாத சரித்திரம்.

அந்தப் பாட்டு பாட்டிமாரின் நெஞ்சில் இருக்கிறது. பாட்டி போனால் பாட்டும் போய்விடும். பேரப்பிள்ளைகள் கேட்பதோ சினிமாப் பாட்டு!

இதைத் தடுக்கப் பெரிய பணம் வேண்டாம். இன்று வீட்டுக்கு வீடு கைபேசி இருக்கிறது. பாட்டியை உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதி வையுங்கள். வெள்ளிமலைப் பள்ளியில் ஆண்டு விழா நடந்தால், மலைப் பாட்டு ஒன்றாவது மேடை ஏறட்டும்.

கோவிலோ, மசூதியோ, தேவாலயமோ, எதுவானாலும் சரி. மக்களின் மெட்டுக்குக் கதவைத் திறந்து விடுங்கள்.

தாய் பாடிய பாட்டைத் தாழ்வு என்று எண்ணும் பிள்ளை, தன்னையே தாழ்த்திக் கொள்கிறான்.