உழைப்பு புனிதம்! அதன் பலன் யாருக்கு?



தறி ஓட்டுவதும் ஆராதனைதான். கதிர் அறுப்பதும் ஆராதனைதான். முகம் கோணாமல் செய். மேஸ்திரி பார்க்காவிட்டாலும் கர்த்தர் பார்க்கிறார். இந்த உபதேசத்தைத் தாங்கிய கிறிஸ்தவப் புத்தகங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலைமலையாகக் குவிந்து கிடக்கின்றன. வேதாகமத்தின் 66 ஆகமங்களுக்கும் 'வேலை' என்ற ஒரே கண்ணோட்டத்தில் விளக்கவுரை எழுதி முடித்திருக்கிறது ஒரு குழு. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் சபை நடத்திய திமோத்தி கெல்லர் என்ற போதகர் 2012-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ஞாயிறு பாடங்கள், குழுவாகப் படிக்கக் கேள்வித் தாள்கள், சொற்பொழிவுகள் என்று எதற்கும் குறைவில்லை.

உழைப்பு உயர்ந்தது என்று யார் சொன்னாலும் நமக்குச் சந்தோஷமே. உலகத்துக்குச் சோறு போடுவதும் துணி கொடுப்பதும் உழைப்பவன் கை. அந்தக் கையைப் புனிதம் என்று சொல்பவரோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. நீ எப்படி வேலை செய்ய வேண்டும் என்று இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. நீ செய்த வேலையின் பலன் எங்கே போகிறது என்று அவற்றில் எத்தனை பேசுகின்றன?

சரித்திரம் இந்த உபதேசத்தை மூன்று முறை உரைத்துப் பார்த்திருக்கிறது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

1525: கலப்பைக்கு வந்த சோதனை

ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் ஒரு பெரிய காரியம் செய்தார். மடத்துத் துறவியின் ஜெபம்தான் உயர்ந்தது, உழவன் வேலை தாழ்ந்தது என்ற பழைய எண்ணத்தை உடைத்தார். உழவனுக்கும் செருப்புத் தைப்பவனுக்கும் கடவுளின் அழைப்பு உண்டு என்றார். இன்றைய புத்தகங்கள் எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவையே.

உழவர்கள் இதைக் கேட்டார்கள், நம்பினார்கள். 1525 மார்ச்சில் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். பண்ணையடிமைத்தனம் ஒழிய வேண்டும். வெட்டி வேலை குறைய வேண்டும். குத்தகை நியாயமாக இருக்க வேண்டும். பிரபுக்கள் பறித்துக்கொண்ட பொது மேய்ச்சல் நிலம் திரும்ப வேண்டும். குடும்பத் தலைவன் செத்தால் விதவையின் கையிலிருந்து பிரபு பிடுங்கும் சாவு வரி ஒழிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேத ஆதாரம் காட்டினார்கள். இவற்றில் எது வேதத்துக்கு விரோதம் என்று காட்டினாலும் அதை விட்டுவிடுகிறோம் என்றும் சொன்னார்கள். இதைவிடப் பணிவாக யார் கேட்க முடியும்?

லூதர் முதலில் பிரபுக்களையும் கண்டித்தார், உழவர்களையும் கண்டித்தார். கிளர்ச்சி மூண்டதும் அவர் பேனா ஒரே பக்கம் சாய்ந்தது. உழவர்களைக் கொலைகாரர், கொள்ளையர் என்று தூற்றி, வாளை எடுங்கள் என்று பிரபுக்களைத் தூண்டிப் பிரசுரம் எழுதினார். பிரபுக்கள் அதற்காகக் காத்திருந்தவர்கள் அல்ல; ஆனால் அவர்கள் வாளுக்கு ஆசீர்வாதமும் கிடைத்துவிட்டது. மே 15-ல் ஃபிராங்கன்ஹௌசனில் உழவர் படை நசுக்கப்பட்டது. அவர்களோடு நின்ற தாமஸ் மூன்ட்சர் என்ற போதகரின் தலை கொய்யப்பட்டது. அந்த யுத்தத்தில் மாண்ட உழவர்கள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள் சரித்திராசிரியர்கள்.

கலப்பை புனிதம். கலப்பை பிடித்தவன் நியாயம் கேட்டால் அவன் பாவி! இதுதான் முதல் பாடம்.

1925: விளம்பர வியாபாரி கண்ட ஏசு

நானூறு ஆண்டு கழிந்தது. அமெரிக்காவில் புரூஸ் பார்ட்டன் என்ற விளம்பர வியாபாரி 1925-ல் ஒரு புத்தகம் எழுதினார். 'ஒருவரும் அறியாத மனிதர்' என்பது அதன் பெயர்ப் பொருள். நவீன வியாபாரத்தின் ஸ்தாபகரே ஏசுதான் என்றார் அவர். பன்னிரண்டு சாதாரண ஆட்களைப் பொறுக்கி எடுத்து உலகை வெல்லும் ஸ்தாபனத்தை உண்டாக்கினாராம். அவருடைய உவமைகள் விளம்பரக் கலைக்கு முன்மாதிரியாம்! புத்தகம் அமோகமாக விற்றது.

தச்சன் வீட்டுப் பிள்ளையைக் கம்பெனி மானேஜராக்கிய இதே பார்ட்டன், பிறகு குடியரசுக் கட்சியின் சார்பில் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போனார். வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த மக்களுக்கு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொண்டுவந்த நிவாரணத் திட்டங்களை அங்கே எதிர்த்து நின்றார். வேலை புனிதம் என்றவர், வேலை இழந்தவனுக்கு உதவ மனம் வரவில்லை. விசுவாசத்தையும் வேலையையும் முதலாளி இணைத்தால் இப்படித்தான் இணைப்பான்.

1954: மூன்று மணி நேர உத்தரவு

இனி மூன்றாவது கதை. இது நம் நெஞ்சைத் தொடும் கதை.

பிரெஞ்சு தேசத்தில் 1943-ல் கோடின், டேனியல் என்ற இரண்டு பாதிரியார்கள் ஒரு புத்தகம் எழுதினார்கள். பாரீஸ் தொழிலாளர் குடியிருப்புகளில் திருச்சபை அந்நியமாகிவிட்டது என்ற உண்மையை ஒளிக்காமல் சொன்னார்கள். பாரீஸ் பேராயர் கர்தினால் சுஹார் அதைப் படித்துக் கலங்கினார். சில பாதிரியார்கள் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஆலைக்குள் போனார்கள். சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகவில்லை, கூலிக்காரர்களாகவே போனார்கள். மோட்டார் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். தொழிலாளர் வாழும் அறைகளிலேயே வாழ்ந்தார்கள். 1951-ல் போர்டோ துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பாதிரியார் விபத்தில் நசுங்கி மாண்டார்.

புத்தகம் சொல்லாததை ஆலை சொல்லிக் கொடுத்தது. கூலி எப்படிக் குறைக்கப்படுகிறது, கை இழந்தவன் எப்படி வெளியே தள்ளப்படுகிறான், தனியாகப் பேசினால் என்ன கிடைக்கும், சேர்ந்து பேசினால் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் கண்ணால் கண்டார்கள். பலர் சி.ஜி.டி. சங்கத்தில் உறுப்பினரானார்கள். கம்யூனிஸ்டுத் தொழிலாளியோடு தோளோடு தோள் நின்று வேலை நிறுத்தம் செய்தார்கள். 1952 மே 28-ல் அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வேயின் வருகையை எதிர்த்துப் பாரீசில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் இரண்டு தொழிலாளிப் பாதிரியார்கள் கைதானார்கள். போலீஸ் அவர்களையும் அடித்தது. தடிக்குப் பாதிரி என்றும் பாட்டாளி என்றும் பேதம் தெரியவில்லை!

ரோமாபுரி விழித்துக்கொண்டது. 1954 மார்ச் 1-க்குள் அடங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. என்ன உத்தரவு? நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உடலுழைப்புக் கூடாது. சங்கப் பொறுப்புகளை விட்டுவிட வேண்டும்.

மூன்று மணி நேரம்! எந்த ஆலையில் ஐயா மூன்று மணி நேர ஷிப்டு இருக்கிறது? வேலையால் பாதிரியின் புனிதம் கெட்டுவிடும் என்று ரோமாபுரி அஞ்சியதாக நம்பச் சொல்கிறீர்களா? அது அஞ்சியது வேலைக்கு அல்ல, வேலை செய்கிறவர்களின் தோழமைக்கு. அப்போது சுமார் நூறு தொழிலாளிப் பாதிரியார்கள் இருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் உத்தரவை மீறி ஆலையிலேயே நின்றார்கள். மற்றவர்கள் கீழ்ப்படிந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நெஞ்சு வெடித்துக் கீழ்ப்படிந்தார்களோ! 1959-ல் மிச்சமிருந்த அனுமதியும் ரத்தானது. 1965-ல்தான் பாதிரியார்கள் ஆலைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது.

உரைகல் நம் கையில்

சிலர் கேட்கலாம்: போப்பாண்டவர்களே கூலியைப் பற்றி எழுதவில்லையா? எழுதினார்கள். 1891-ல் பதின்மூன்றாம் லியோ, கூலி தொழிலாளியின் வாழ்க்கைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்றார். சங்கம் சேரும் உரிமையையும் ஒப்புக்கொண்டார். அதே கடிதத்தில் சோஷலிசத்தை நிராகரித்துத் தனிச் சொத்துக்குக் காவல் நின்றார். 1981-ல் இரண்டாம் ஜான் பால், மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்று எழுதினார். நல்ல வார்த்தைகள், மறுக்கவில்லை. ஆனால் 1891-க்கு முன்பே ஐரோப்பாவின் தொழிலாளிகள் சங்கம் கட்டி, சிறை சென்று, ரத்தம் சிந்தியிருந்தார்கள். போராட்டம் முன்னே நடந்தது. கடிதம் பின்னே வந்தது.

கிறிஸ்தவத் தோழனே, உன் விசுவாசத்தை விட்டு வா என்று நாங்கள் கேட்கவில்லை. உன் வேதத்தையே எடு. யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் படி. வயல் அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்து வைத்த கூலி, செல்வர்களுக்கு எதிராகக் கூக்குரல் இடுகிறது என்று அங்கே எழுதியிருக்கிறது. அதை எழுதியவர் கம்யூனிஸ்டு அல்லவே!

ஆகவே, வேலையைப் புனிதம் என்று சொல்லும் புத்தகம் உன் கைக்கு வந்தால் தூக்கி எறியாதே. திறந்து பார். கூலி என்ற சொல் இருக்கிறதா? வேலை நேரம் என்ற சொல் இருக்கிறதா? சங்கம் என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் படி, தோழர்களுக்கும் படித்துக் காட்டு. இல்லாவிட்டால், அதைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேள்:

ஐயா, என் உழைப்பு ஆராதனை என்றால், காணிக்கையை மட்டும் முதலாளி எடுத்துப் போவது எந்தக் கோயில் நியாயம்?